சித்தப்பா ஏன் முதலில் சாகிறார்?

பொச்சின்கியில் பாராசூட் இறங்கி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, “சித்தப்பா நாக்!” என்று ஒரு குரல் எழும். இன்னொருவன் ஓடிவந்து ரிவைவ் கொடுப்பான். எழுந்த வேகத்திலேயே அவர் மறுபடி விழுவார். மூன்றாம் முறை யாரும் வருவதில்லை. பொங்கல் லீவிலும் முழுப் பரீட்சை லீவிலும் அண்ணன் தம்பி பிள்ளைகள் ஒன்றுகூடுகிற மதுரை வீடுகளில் பிஜிஎம்ஐ என்ற போன் துப்பாக்கி ஆட்டம் இப்படித்தான் நடக்கிறது. ஸ்குவாடுக்கு நாலாவது ஆள் கிடைக்காதபோது வீட்டுப் பெரியவர் ஒருவரைச் சேர்த்துக்கொள்வார்கள். அவர் முதலில் சாவார்.

வேடிக்கை என்னவென்றால் அவர் விளையாடத் தெரியாதவர் இல்லை. 2000களின் தொடக்கத்தில் கல்லூரிக்குப் போன தலைமுறை அது. மணிக் கணக்கில் காசு கொடுத்து, ப்ரவுசிங் சென்டரில் ஏழெட்டு கம்ப்யூட்டரை ஒயரால் இணைத்து, கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆடியவர்கள். ‘டஸ்ட் 2’ மேப்பில் எந்தக் கதவுக்குப் பின்னால் எவன் ஒளிந்திருப்பான் என்பது அவர்களுக்கு இன்றைக்கும் மனப்பாடம். கீழவாசல் நெரிசலில் பைக்கை நெளித்து ஓட்டுவதில் குறைவில்லை. கடையில் நோட்டுக் கட்டை எண்ணும்போது விரல் கண்ணுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர் ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் எங்கே தோற்கிறார்?

“வயசாயிருச்சு” என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் வயதாகும்போது எது வயதாகிறது? கண்ணா, நரம்பா, மூளையா, விரலா? ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்து அளக்க முடியும். ஒன்றரை நூற்றாண்டாக அளந்தும் வருகிறார்கள். அளந்தவர்களுக்குக் கிடைத்த விடை, நாம் எதிர்பார்ப்பது இல்லை.

மனிதரைச் சந்தேகிக்கும் முன் போனைப் பார்த்துவிடுவோம். நம் வீடுகளில் புது போன் பையனுக்குப் போகும், அவன் வைத்திருந்தது அப்பாவுக்கு வரும். நொடிக்கு 60 முறை படம் மாறும் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 17 மில்லி நொடி. ஒரு நொடியை ஆயிரமாக வெட்டினால் ஒரு துண்டு ஒரு மில்லி நொடி. 120 முறை மாறும் திரையில் அந்த இடைவெளி 8 மில்லி நொடி. அடுத்தது பிங், அதாவது சர்வருக்குச் செய்தி போய்த் திரும்பும் நேரம். சர்வர் மும்பையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மதுரையிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 1,160 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப 12 மில்லி நொடி. சிங்கப்பூர் என்றால் 30. இது இயற்கை விதித்த குறைந்தபட்சம். வழியில் இருக்கிற டவரும் ரூட்டரும் தங்கள் பங்கைச் சேர்த்த பிறகு திரை மூலையில் 50, 60 என்று காட்டும். ஒரே வைஃபையில் ஆடுகிற இருவருக்கும் இது பொது. ஆகவே “லேக் அடிக்குதுடா” என்று சித்தப்பா சொன்னால் போனை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் அவரே விழுந்தால், லேக் உடம்புக்குள் இருக்கிறது.

உடம்பின் லேக்கை அளக்க 30 சென்டிமீட்டர் ஸ்கேல் ஒன்று போதும். ஒருவர் அதன் மேல்நுனியைப் பிடித்துத் தொங்கவிட வேண்டும். மற்றவர் பூஜ்யத்துக்கு நேரே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வைத்திருக்க வேண்டும். சொல்லாமல் விட்டதும் பிடிக்க வேண்டும். புவியீர்ப்பு சிறியவர் பெரியவர் பார்ப்பதில்லை என்பதால், எத்தனை சென்டிமீட்டர் நழுவியதோ அதுவே கடிகாரம். 15இல் பிடித்தால் 175 மில்லி நொடி. 20இல் என்றால் 200. 25இல் என்றால் 225. ஒரு முறை செய்து முடிவுக்கு வரக்கூடாது; ஒரே ஆளுக்கே ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்பின் ஆகும். பல முறை செய்து சராசரி எடுங்கள். சித்தப்பாவுக்கும் பையனுக்கும் பெரிய வித்தியாசம் வராது. சில வீடுகளில் பெரியவரே ஜெயிப்பார்.

அப்படியானால் நரம்பு குற்றவாளி இல்லை. கணக்குப் போட்டாலும் அதுதான் தெரிகிறது. தவளையின் காலை வைத்து நரம்புச் செய்தியின் வேகத்தை ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் அளந்துவிட்டார். நம் கையில் அது நொடிக்கு 50, 60 மீட்டர். தலையிலிருந்து விரல்நுனி ஒரு மீட்டர் என்றால் 20 மில்லி நொடிப் பயணம். முதுமையில் இந்த வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் நஷ்டம் 2 மில்லி நொடி. அதற்காக யாரும் பொச்சின்கியில் சாவதில்லை.

மீதி நேரம் எங்கே போகிறது? ராத்திரி புரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மேஜையில் உட்கார்ந்து ஆர்டர் சொல்கிறீர்கள். சப்ளையர் கேட்டு, உள்ளே குரல் கொடுக்கிறார். மாஸ்டர் கல்லில் போடுகிறார். இலை வருகிறது. முன்பு ஐந்து நிமிடத்தில் வந்தது இப்போது ஏழு நிமிடம் ஆகிறது என்றால், தாமதம் யாரால்? காதால் வாங்கியவராலா, உள்ளே யோசித்தவராலா, எடுத்து வந்த கையாலா? மேஜையில் இருக்கிற உங்களிடம் ஒரே ஒரு கடிகாரம்தான் இருக்கிறது. அது மொத்த நேரத்தைக் காட்டும், உடைத்துக் காட்டாது.

உடைப்பதற்கு ஒரு தந்திரத்தை 1868இல் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இருந்த கண் மருத்துவர், டொண்டர்ஸ். முதலில் வெறும் தண்ணீர் கேளுங்கள். காது, கால், கை மட்டும் வேலை செய்யும், யோசிக்க ஒன்றுமில்லை. அடுத்து, யோசித்துச் செய்ய வேண்டியதைக் கேளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் யோசனையின் நேரம். டொண்டர்ஸ் தன் சோதனையில் இரண்டு பாதங்களிலும் லேசான மின்தொடுகை வைத்தார். இடது பாதத்தில் பட்டால் இடது கையை அசைக்க வேண்டும், வலது என்றால் வலது. எந்தப் பக்கம் என்று முன்பே சொல்லிவிட்டுத் தொட்டபோது ஆன நேரத்தைவிட, சொல்லாமல் தொட்டபோது நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஆனது. சுமார் 67 மில்லி நொடி. இடமா வலமா என்ற மிகச் சிறிய முடிவை எடுக்க மனதுக்கு ஆகிற நேரம் அது. முதலாவதை எளிய எதிர்வினை என்றும் இரண்டாவதைத் தேர்வு எதிர்வினை என்றும் சொல்லலாம். ஸ்கேல் பிடிப்பது எளிய எதிர்வினை, வெறும் தண்ணீர்.

இந்த இரண்டும் வயதோடு ஒரே மாதிரி மாறுவதில்லை என்பதுதான் முதல் துப்பு. பிரிட்டனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் ஒரு சிறு கருவியைக் கொடுத்துச் சோதித்த விவரங்களை டெர், டியரி என்ற இருவர் 2006இல் ஆராய்ந்து வெளியிட்டார்கள். திரையில் பூஜ்யம் தெரிந்தவுடன் ஒரு பட்டனை அழுத்துவது ஒரு சோதனை. 1 முதல் 4 வரை ஏதாவது ஓர் எண் தெரியும், அதற்குரிய பட்டனை அழுத்த வேண்டும் என்பது மற்றது. முதல் சோதனையில் ஐம்பது வயது வரை பெரிய சரிவு இல்லை. இரண்டாவதில் இளமையிலேயே சரிவு தொடங்கி, நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. நேரம் கூடியது மட்டும் இல்லை, ஒருமுறை வேகம் ஒருமுறை தாமதம் என்று ஊசலாட்டமும் கூடியது.

துப்பாக்கிச் சண்டை ஒருபோதும் வெறும் தண்ணீர் இல்லை. புல்லுக்குள் அசைவது எதிரியா, நம் ஆளா, காற்றா? சுடுவதா, குனிவதா, சுவருக்குப் பின்னால் ஓடுவதா, கிரனேடு எடுப்பதா? இடப்பக்கம் காலடிச் சத்தம் கேட்டதே, அது வேறு ஸ்குவாடா? தெரிவுகள் கூடக் கூட முடிவு நேரமும் ஏறும். இங்கேதான் சித்தப்பா கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிறார்.

சரி, அப்படியானால் மூளை மந்தமாகிவிட்டது என்று ஒத்துக்கொள்ள வேண்டியதுதானா? அவசரப்பட வேண்டாம். புரோட்டாக் கடைக்கே திரும்புவோம். இளவட்ட சப்ளையர் நீங்கள் பாதி சொல்லும்போதே உள்ளே ஓடுகிறார். இலை சீக்கிரம் வருகிறது. ஆனால் சில நேரம் முட்டைப் புரோட்டா கேட்டவருக்குக் கொத்துப் புரோட்டா வருகிறது. வயதான சப்ளையர் நின்று, “கொத்து ஒண்ணு, சாதா ரெண்டு, சால்னா தனியா, சரிதானேண்ணே?” என்று கேட்டுவிட்டுப் போகிறார். தாமதம்தான், ஆனால் தப்பு இல்லை. அவருடைய காலும் காதும் நன்றாகத்தான் இருக்கின்றன. கூடுதலாக ஒரு வாக்கியம் கேட்கிறார், அவ்வளவே. வந்த நேரத்தை மட்டும் குறித்தால் இது தெரியாது. எத்தனை இலை மாறி வந்தது என்பதையும் சேர்த்துக் குறித்தால் தெரியும்.

அமெரிக்க உளவியலாளர் ரோஜர் ராட்க்ளிஃப் 1978இல் முன்வைத்த மாதிரி இதைத்தான் செய்கிறது. முடிவெடுக்கும்போது மூளை துளித்துளியாக ஆதாரம் சேர்க்கிறது. ஒரு கோட்டைத் தொட்டதும் ‘சரி, செய்’ என்று கை இயங்குகிறது. இதில் மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன: ஆதாரம் சேரும் வேகம், கோடு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது, கண்ணும் கையும் தங்கள் வேலைக்கு எடுக்கும் நேரம். கோட்டைத் தாழ்த்தி வைத்தால் வேகம் கிடைக்கும், தவறும் கூடும். உயர்த்தி வைத்தால் நிதானம். சரியான விடைகளின் நேரம், தவறான விடைகளின் நேரம், தவறுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் வைத்து, எது எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் இந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட்டு 2022இல் வெளியிட்டார்கள். இணையத்தில் முகங்களையும் சொற்களையும் இரண்டு பட்டன்களால் வகைபிரித்த சுமார் 12 லட்சம் பேரின் விவரங்கள், 10 முதல் 80 வயது வரை. மொத்த நேரம் இருபது வயதிலிருந்தே கூடத் தொடங்குகிறது. அது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். ஆனால் உடைத்துப் பார்த்தால், ஆதாரம் சேரும் வேகம் ஏறத்தாழ அறுபது வயது வரை குறையவே இல்லை. இருபதிலிருந்து அறுபது வரை நேரம் கூடியதற்கு இரண்டு காரணங்கள்: கோடு உயர்ந்துகொண்டே போகிறது, கண், கை வேலைகளுக்கான நேரம் மெல்லக் கூடுகிறது.

கோடு ஏன் உயர்கிறது? இது என் ஊகம்: தவறின் விலையை வாழ்க்கை கற்றுத்தந்துவிடுகிறது. ஒரு பில்லைத் தப்பாகப் போட்டு நஷ்டப்பட்டவர், ஒரு முறை பைக்கிலிருந்து விழுந்தவர், யோசிக்காமல் சொன்ன சொல்லால் உறவு முறிந்தவர், இரண்டாம் முறை பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். ஆட்டத்தின் விலைப்பட்டியல் அதற்கு நேர்மாறு. தப்பாகச் சுட்டால் போவது நாலு தோட்டா. சுடாமல் யோசித்தால் போவது உயிர். பதினான்கு வயதுப் பையன் இந்த மலிவான விலைப்பட்டியலோடு உட்கார்கிறான். நாற்பத்திரண்டு வயதுக்காரர் கடைவீதி விலைப்பட்டியலோடு உட்கார்கிறார். ‘வேகமாகச் செய்தால் அதிகப் புள்ளி’ என்று அறிவித்து நடத்திய சோதனைகளிலும் முதியவர்கள் லாபத்துக்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே நிதானம் காட்டினார்கள் என்று ராட்க்ளிஃபும் ஸ்டார்ன்ஸும் 2010இல் காட்டியிருக்கிறார்கள். அதாவது ‘சும்மா சுடுங்க சித்தப்பா’ என்று பையன் கத்தினாலும் கோடு முழுதாக இறங்குவதில்லை.

ஆட்டக்காரர்களையே நேரடியாக அளந்தது கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகம். ஆட்டம் துப்பாக்கிச் சண்டை இல்லை. ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற படை நடத்தும் ஆட்டம். 16 முதல் 44 வயது வரை 3,305 பேர் ஆடிய ஆட்டங்களின் பதிவுகள், ஒவ்வொரு கிளிக்கும் நேரத்தோடு. புது இடத்தைத் திரையில் பார்த்ததற்கும் அங்கே முதல் செயலைச் செய்ததற்கும் இடையே உள்ள நேரம் 24 வயதிலிருந்து கூடுகிறது என்று 2014இல் சொன்னார்கள். கைதேர்ந்தவர்களுக்கும் விலக்கு இல்லை. பத்திரிகைகள் ‘24 வயதில் மூளைக்கு வயதாகிவிடுகிறது’ என்று தலைப்புப் போட்டன. ஆய்வில் இருந்த இன்னொரு பாதி அந்தத் தலைப்புகளில் இல்லை: வயது கூடியவர்கள் குறுக்குவிசைகளை அதிகம் பயன்படுத்தி, எளிய உத்திகளுக்கு மாறி, அதே மட்டத்தில் தாக்குப்பிடித்திருந்தார்கள். இதுபோன்ற ஆய்வுகளைப் படிக்கும்போது மனதில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்றைய இருபதையும் இன்றைய நாற்பதையும் ஒப்பிடும்போது வயது மட்டும் வேறுபடுவதில்லை, வளர்ந்த விதமும் வேறுபடுகிறது. சித்தப்பாவின் விரல்கள் மவுஸில் பழகியவை. பையன் பேச்சு வரும் முன்பே கண்ணாடித் திரையைத் தேய்த்தவன். இது தலைமுறை விளைவு. முதுமையின் கணக்கில் எழுதக் கூடாது.

எப்படிக் கூட்டினாலும் வித்தியாசம் சில பத்து மில்லி நொடிதான். இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கு இவ்வளவு பெரிய அவமானமா? ஆமாம், ஆட்டத்தின் அமைப்பு அப்படி. ஒரு பேச்சுக்கு, பையனைவிடச் சித்தப்பா சராசரியாக 30 மில்லி நொடி தாமதம் என்று வைப்போம். இருவருக்குமே ஒவ்வொரு முறையும் 40 மில்லி நொடி அளவுக்கு முன்பின் ஆகும் என்றும் வைப்போம். இருவரும் ஒருவரை ஒருவர் ஒரே கணத்தில் பார்த்தால், முதலில் சுடுவது பத்துக்கு ஏழு தடவை பையன், மூன்று தடவை சித்தப்பா. மோசம் இல்லையே என்று தோன்றும். ஆனால் நூறு பேர் இறங்கும் ஆட்டத்தில் கடைசி வரை நிற்க ஒரே சண்டை போதாது. வரிசையாக நாலு சண்டை ஜெயிக்க வேண்டும் என்றால், சமபலம் உள்ளவருக்குப் பதினாறு ஆட்டத்தில் ஒன்று தேறும். பத்துக்கு மூன்று என்ற வாய்ப்பு உள்ளவருக்கு நூற்றிருபது ஆட்டத்துக்கு ஒன்று. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பகுதியாக இருந்த குறை, கடைசி வரை நின்று ஜெயித்தவருக்கு ஆட்டம் தரும் ‘கோழிக்கறி விருந்தை’ ஏழெட்டு மடங்கு தள்ளிவைத்துவிடுகிறது. நியாயமாக, தன் ரேங்க்குக்குள் தன்னைப் போன்றவர்களோடு ஆடினால் இந்தப் பள்ளம் தெரியாது. அண்ணன் மகனின் ஸ்குவாடில் ஏறிக்கொண்டு அவன் ரேங்க் எதிரிகளைச் சந்திப்பதால்தான் தெரிகிறது.

இன்னும் கண்ணைப் பற்றிப் பேசவில்லை. நாற்பதைத் தாண்டியவர் போனை மெல்லத் தள்ளிப் பிடிக்கிறாரா என்று கவனியுங்கள். அதே டொண்டர்ஸ்தான் இதையும் அளந்தார். 1864இல் வந்த அவருடைய நூல் கண்ணாடி எழுதிக்கொடுப்பதை அறிவியலாக்கியது. அவர் கணக்குப்படி இருபது வயதில் 10 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் எழுத்துகூடத் தெளியும். நாற்பதில் அந்த எல்லை 22 சென்டிமீட்டர். ஐம்பதில் 40. கண்ணின் வில்லை இறுகி, வளைய மறுப்பதால் வருகிற வெள்ளெழுத்து இது, யாருக்கும் தப்பாது. போனைக் கையில் பிடிக்கும் தூரம் சரியாக நாற்பதின் எல்லைக்கும் ஐம்பதின் எல்லைக்கும் நடுவே விழுகிறது. கூடவே கண்மணி சுருங்கி, வில்லை மஞ்சளித்து, அறுபதில் விழித்திரைக்கு வந்து சேரும் வெளிச்சம் இருபதில் வந்ததில் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. புல்லுக்குள் பச்சைச் சட்டை போட்டுப் படுத்திருக்கிறவனைப் பார்க்க முடியாததை மூளையின் தலையில் கட்டுவது அநியாயம்.

வெள்ளெழுத்தைச் சரிசெய்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு ஆட்டத்துக்கு வெளியே நல்ல சான்று உண்டு. அசாமில் நாற்பது வயதைக் கடந்த தேயிலை பறிப்பவர்களில் ஒரு பாதிக்கு மலிவான வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தார்கள். மறு பாதிக்குச் சோதனை முடிந்த பிறகு கொடுத்தார்கள். கண்ணாடி போட்டவர்கள் மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகம் பறித்தார்கள் என்று 2018இல் முடிவு வந்தது. அதே கை, அதே செடி. அரவிந்த் கண் மருத்துவமனை பிறந்த ஊரில் இருந்துகொண்டு கண்ணாடி போட வெட்கப்படுவதில் அர்த்தமில்லை. காதுக்கும் இதே நியாயம்: சத்தத்துக்கு நாம் பார்வையைவிட ஏறத்தாழ 40 மில்லி நொடி வேகமாக எதிர்வினை செய்கிறோம். காலடி எந்தப் பக்கம் என்று தெரிய ஹெட்செட் வேண்டும். வீட்டில் டிவி அலற, போன் ஸ்பீக்கரில் ஆடுகிறவர் அந்த வசதியைச் சும்மா விட்டுக்கொடுக்கிறார்.

தூக்கத்தையும் விட்டுவிட முடியாது. கடை சாத்திவிட்டுப் பதினொன்றரைக்குச் சாப்பிட்டு, பன்னிரண்டுக்கு லாபிக்குள் வருகிறவர் மறுநாள் ஆறு மணிக்கு எழ வேண்டும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2003இல் வெளியான சோதனையில், இரண்டு வாரம் தினம் ஆறு மணி நேரமே தூங்கியவர்களின் கவனமும் வேகமும், இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் அளவுக்கு இறங்கின. மோசம் என்னவென்றால், அவர்களுக்கே அது தெரியவில்லை. பரவாயில்லை, பழகிவிட்டது என்றார்கள். தூங்கா நகரத்துக்காரர்களுக்கு இந்த ஆய்வு கொஞ்சம் சுடும்.

இதுவரை சொன்னதெல்லாம் எதிரி தோன்றிய பிறகு நடப்பது. தோன்றும் முன்பே நடப்பது ஒன்று இருக்கிறது. 2023 மே 29, அகமதாபாத், ஐபிஎல் இறுதி ஆட்டம். ஜடேஜா பந்தில் சுப்மன் கில்லைத் தோனி ஸ்டம்பிங் செய்தார். எடுத்துக்கொண்ட நேரம் 0.1 நொடி என்று செய்திகளில் வந்தது. அப்போது அவருக்கு வயது 41. இப்போது தடகளத்துக்கு வாருங்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டு 0.1 நொடிக்குள் ஓடத் தொடங்கினால் அது ஃபவுல். அவ்வளவு சீக்கிரம் எந்த உடம்பாலும் கேட்டுவிட்டு அசைய முடியாது என்பது விதியின் அடிப்படை. 2022 உலகத் தடகளப் போட்டியில் டெவன் ஆலன் 0.099இல் கிளம்பியதற்காக வெளியேற்றப்பட்டார். அப்படியானால் தோனி என்ன செய்தார்? அவர் கில்லின் கால் தூக்கியதைப் பார்த்து எதிர்வினை செய்யவில்லை. பந்து மட்டையைத் தாண்டும், கால் கோட்டை விட்டு நகரும் என்பதை முன்பே கணித்து, கை ஏற்கெனவே ஸ்டம்பை நோக்கிக் கிளம்பிவிட்டது. தடகளத்தில் அது குற்றம். கிரிக்கெட்டில் அதற்குப் பெயர் அனுபவம்.

கண்ணுக்குத் தெரியாத இந்த முன்கணிப்பைச் சோதனைச் சாலையில் பிடித்தவர் அமெரிக்க உளவியலாளர் டிமதி சால்ட்ஹவுஸ். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தவர்கள் டைப்பிஸ்டுகள். லோயர், ஹையர் என்று டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகளில் தட்டிப் பழகியவர்கள் மதுரையில் தெருவுக்கு நாலு பேர் இருப்பதால் இது நமக்கு நெருக்கமான விஷயம். 19 முதல் 72 வயது வரையானவர்களை அவர் சோதித்து 1984இல் எழுதினார். தேர்வு எதிர்வினையில் மூத்தவர்கள் தெளிவாகவே மந்தம். ஆனால் டைப் அடிக்கும் வேகத்தில் வயதால் குறையே இல்லை. இது எப்படிச் சாத்தியம்? அடிக்க வேண்டிய வரியைத் திரையில் முழுதாகக் காட்டாமல், ஒரு நேரத்தில் சில எழுத்துகள் மட்டும் தெரியும்படி செய்தார். எழுத்துகளைக் குறைக்கக் குறைக்க மூத்தவர்களின் வேகம் முதலில் சரிந்தது. விரல் ஓர் எழுத்தில் இருக்கும்போது அவர்களின் கண் இளையவர்களின் கண்ணைவிடக் கூடுதல் தூரம் முன்னால் போய்விடுகிறது. நேரத்தை அங்கே சம்பாதித்து இங்கே செலவழிக்கிறார்கள்.

முன்னால் தெரியும் வரி ஷூட்டர் ஆட்டத்திலும் உண்டு. மினிமேப், ஸோன் சுருங்கும் திசை, தூரத்துத் துப்பாக்கிச் சத்தம், திறந்து கிடக்கிற கதவு எல்லாமே அதுதான். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் உலகில் கரிகன் என்ற பெயரில் ஆடும் டென்மார்க்காரர் ஃபின் ஆண்டர்சன், 2022 மே மாதம் ஆன்ட்வெர்ப்பில் மேஜர் கோப்பையைத் தன் அணியோடு வென்றபோது அவருக்கு 32 வயது. அந்த விளையாட்டில் அது தாத்தா வயது. குறிபார்த்துச் சுடுவதில் தன் அணியிலேயே அவரைவிட வேகமானவர்கள் இருந்தார்கள். எங்கே, எப்போது, யார் போவது என்று சொல்கிற வேலை அவருடையது. ஸ்வீடனில் அறுபது வயதைக் கடந்தவர்கள் சேர்ந்து 2017இல் சில்வர் ஸ்னைப்பர்ஸ் என்று ஒரு கவுன்ட்டர் ஸ்ட்ரைக் அணியே தொடங்கினார்கள். ஜப்பானின் அகிதாவில் 2021இல் மதாகி ஸ்னைப்பர்ஸ் என்ற முதியோர் அணி வந்தது.

விளையாடி விளையாடியே வேகத்தைத் திரும்பப் பெறலாமா என்றால், ஓரளவுக்கு. கலிஃபோர்னியாவில் 60 முதல் 85 வயதுக்காரர்களுக்கு ஒரு மாதத்தில் 12 மணி நேரம் கார் ஓட்டும் ஆட்டம் ஒன்றில் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி இல்லாத இருபது வயதுக்காரர்களை அந்த ஆட்டத்தில் அவர்கள் மிஞ்சினார்கள் என்று 2013இல் வந்தது. ‘அந்த ஆட்டத்தில்’ என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மூளைக்கு உடற்பயிற்சி என்று விற்கப்படும் ஆப்கள் எல்லாம் மொத்த மூளையையும் இளமையாக்கும் என்பதற்கு இது சான்றாகாது.

செய்யக்கூடியது, தேர்வுகளைக் குறைப்பது. ஒரே துப்பாக்கி, ஒரே ஸ்கோப், தெரிந்த இரண்டு மூன்று இறங்குமிடங்கள். சுவரோரம் நின்று, எதிரி வரக்கூடிய ஒரே வாசலில் ஏற்கெனவே குறி வைத்திருந்தால், தேர்வு எதிர்வினை எளிய எதிர்வினையாகச் சுருங்கிவிடும். அதில்தான் ஐம்பது வரை பெரிய சரிவு இல்லையே. பிள்ளைகள் அதை ‘கேம்ப் அடிக்கிறது’ என்று ஏளனம் செய்வார்கள். பொருட்படுத்த வேண்டாம். பட்டன்களின் இடத்தையும் அளவையும் கைக்கேற்ப மாற்றிக்கொள்ள ஆட்டத்திலேயே வசதி இருக்கிறது. அரவிந்தை 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய டாக்டர் வெங்கடசாமிக்கு முடக்குவாதத்தால் விரல்கள் கோணியிருந்தன. தன் கைக்குத் தோதான கருவிகளை வடிவமைத்துக்கொண்டு லட்சம் அறுவை சிகிச்சைக்கு மேல் செய்தார். நாம் ஒரு சுடும் பட்டனை இடது ஓரத்துக்கு நகர்த்தத் தயங்குகிறோம். இரண்டு கட்டைவிரலால் ஆடுகிறவர் நகர்வதையும் குறிபார்ப்பதையும் சுடுவதையும் அந்த இரண்டுக்கே பங்கு போடுகிறார். ஒன்று முடிந்துதான் அடுத்தது. நாலு விரலால் ஆடுகிற ‘கிளா’ பிடியில் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும். பழகும் வரை ஆட்டம் இப்போது இருப்பதைவிட மோசமாகும், கட்டைவிரல் பழைய இடத்திலேயே பட்டனைத் தேடும். அந்த நாட்களில் ரேங்க் மேட்ச் பக்கம் போகாமல் டிரெய்னிங் மைதானத்தில் அசையாத பொம்மைகளைச் சுட்டுக்கொண்டிருப்பது நல்லது.